பழைய எயார் ரைபிள்: சாமான் தேடுமுன் நோயைப் பாருங்கள்

தோட்டத்து பங்களாக்களின் ஸ்டோர் ரூமிலும், ஓய்வுபெற்ற டீமேக்கர்மாரின் அலுமாரிக்கு மேலேயும் இன்னும் சில எயார் ரைபிள்கள் கிடக்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார் போகும்போது விட்டுப்போனவை, அல்லது அவர்களிடம் கிளாக்கரய்யாமார் வாங்கி வைத்தவை. ஒரு தடவைக்கு ஒரு குண்டு போட்டுச் சுடும் சாதாரண ஸ்பிரிங் துவக்குகள்தான். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்த்தவன் என்பதால் இவற்றை என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தவுடன் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு சாமான் எங்க எடுக்கலாம் அண்ணே?"

"சாமானை விடு தம்பி, துவக்கு என்ன செய்யுது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. பலம் இல்லை என்று தெரியும், ஏன் இல்லை என்று தெரியாது. அதற்குள் வெளிநாட்டுக்குக் காசு அனுப்பி ஸ்பிரிங் வாங்கியிருப்பார்கள். பழுதோ ஒரு தோல் வாஷரில் இருக்கும். கிடைக்காத சாமான் என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி ஹட்டனிலோ கண்டியிலோ செய்துகொள்ளக்கூடியது. உண்மையிலேயே கிடைக்காதவை சில உண்டு. எது எந்தப் பக்கம் என்று தெரிய அறிகுறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கழற்றுமுன் சில விஷயங்கள். எயார் ரைபிள்தானே என்று விளையாட்டுச் சாமானாக எடுக்காதீர்கள். துவக்குகளுக்கென்று 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கும் நாடு இது. கடதாசி இல்லாமல் கிடக்கும் துவக்கென்றால் முதலில் பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். கடதாசி இல்லாததை நான் மேசையில் வைப்பதே இல்லை. அடுத்தது, குண்டு இல்லாவிட்டாலும் உள்ளே ஸ்பிரிங் அழுந்தித்தான் இருக்கும். சிலிண்டரின் பின்னடைப்பைச் சும்மா கையால் கழற்றினால் அது பாய்ந்து முகத்தில் அடிக்கும். தச்சரின் நீளமான கிளாம்பில் முன்னும் பின்னும் பிடித்து, மெல்ல மெல்லத் தளர்த்தித்தான் வெளியே எடுக்க வேண்டும். லேத் இருந்தால் அதன் வால்பக்கத் தலையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

முதலில் இது யார் செய்த துவக்கு?

நம் பக்கத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் பி.எஸ்.ஏ., வெப்ளி, டயானா. பர்மிங்ஹாமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரிஸ் 1904இல் காப்புரிமை எடுத்த வடிவத்தைத்தான் பி.எஸ்.ஏ. அடுத்த ஆண்டிலிருந்து செய்தது. குழல் அசையாது, கீழே உள்ள நெம்புகோலை இழுத்து, மேலே உள்ள சிறு குழாய்த் திருப்பியைத் திருப்பி அதற்குள் குண்டைப் போட வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் குழலை மடக்கும் கடேட் வந்தது. 1948இல் ஏர்ஸ்போர்ட்டர், 1959இல் மீட்டியோர். இவற்றில் ஒன்றின் சாமான் மற்றதில் பொருந்தும் என்று நினைத்து வாங்கக் கூடாது.

டயானாவில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. போருக்குப் பின் ஜெர்மன் டயானாவின் இயந்திரங்கள் பிரிட்டனுக்குப் போயின. ஸ்கொட்லாந்தின் மதர்வெல்லில் மில்லார்ட் பிரதர்ஸ் அதே பெயரில் துவக்கு செய்தார்கள். ஜெர்மன்காரர் பிறகு ராஸ்டாட்டில் மறுபடியும் செய்யத் தொடங்கியபோது, பிரிட்டனில் அந்தப் பெயரில் விற்க முடியாமல் 'ஒரிஜினல்' என்று போட்டு விற்றார்கள். ஆகவே சிலிண்டரில் டயானா என்று இருந்தால் மட்டும் போதாது, எந்த நாட்டில் செய்தது என்ற வரியையும் வாசியுங்கள். 'ஒரிஜினல் 27' என்ற பெயரில் விற்கும் சாமான் ஜெர்மன் டயானா 27க்குப் போகும். ஸ்கொட்லாந்து டயானாவுக்குப் போகாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் காசைக் கரைத்தவர்கள் நிறையப் பேர்.

சுடுகிறது, குண்டு போகவில்லை

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். சத்தம் வருகிறது, அதிர்வும் வருகிறது, ஆனால் குண்டு பத்து அடிக்குள் விழுந்துவிடுகிறது.

குண்டைச் சந்தேகப்படுங்கள் முதலில். பழைய ஆங்கிலேய 0.22 குழல்கள் இன்றைய 5.5 மில்லிமீட்டர் குண்டுக்குக் கொஞ்சம் பெரியவை. குண்டை வைத்தவுடன் அது தானாக உள்ளே வழுக்கிப் போனால், காற்று அதன் ஓரத்தால் தப்பிவிடும். 5.6 என்று போட்ட குண்டுகள் இந்தத் துவக்குகளுக்காகவே இருக்கின்றன. விரலால் லேசாக அழுத்தினால்தான் உள்ளே போகிறது என்றால் குண்டில் குற்றமில்லை.

அடுத்தது பிஸ்டன் (ஸ்பிரிங் தள்ள, முன்னே பாய்ந்து காற்றை அழுத்தும் உருளை) முனையிலுள்ள தோல். போருக்கு முந்தைய பி.எஸ்.ஏ., கடேட், பழைய டயானா 27 எல்லாவற்றிலும் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர்தான் காற்றை அடைக்கிறது. துவக்கை நிமிர்த்திப் பிடித்து, காற்று வரும் துளையில் நாலைந்து சொட்டு ஒயில் விட்டு, ஒரு இரவு அப்படியே வையுங்கள். மறுநாள் கொஞ்சம் பலம் திரும்பினால் தோல் காய்ந்துதான் போயிருக்கிறது, பிய்யவில்லை. மாற்றமே இல்லையென்றால் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றிப் பார்த்தால் நம் ஊர்த் துவக்குகளில் தோல் ஒன்று கருகின பப்படம் மாதிரி உதிரும், அல்லது பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். இரண்டுக்கும் புதுத் தோல்தான் மருந்து. இதை யாரும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்தத் தோல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சப்பாத்தின் மேல்தோல் வேண்டாம். அது பெரும்பாலும் குரோமில் பதனிட்டது, அச்சில் போட்டாலும் வடிவம் நிற்காது. வேண்டியது மரப்பட்டைச் சாயத்தில் பதனிட்ட தோல். ஒரு துண்டைக் கத்தியால் நறுக்கி ஓரத்தைப் பாருங்கள்: நடுவரை ஒரே மண்ணிறம் என்றால் நல்லது, நடுவில் நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் குரோம். சப்பாத்து தைப்பவரிடம் பழைய முறை அடித்தோல் துண்டு கேட்டால் கிடைக்கும். நுவரெலியாவில் குதிரை வைத்திருப்பவர்களிடம் அறுந்த சேணவாரும் கிடைக்கும். பழைய தொழிற்சாலைகளில் கழற்றிப் போட்ட தோல் பட்டிகளிலும் வெட்டலாம், அதே வெட்டுச் சோதனையைச் செய்துவிட்டு.

அச்சை லேத்தில் கடைந்துகொள்ளுங்கள், அலுமினியமோ கடின மரமோ போதும். சிலிண்டரின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், தோல் 3 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைப்போம். வெளி வளையத்தின் துளை 25. உள்ளே அழுத்தும் குமிழ் இரண்டு பக்கமும் தோலுக்கு இடம்விட்டு 19. தோலைக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் ஊறவிடுங்கள். கொதிநீரில் போட்டால் சுருங்கி ஓடு மாதிரி இறுகிவிடும், திரும்பச் சரிவராது. மெதுவானதும் அச்சில் அழுத்தி, திருகி இறுக்கி, நிழலில் காயவிடுங்கள். நம் மலைக்காற்றில் இது சுணங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும். காய்ந்தபின் விளிம்பைச் சவரக்கத்தியால் வட்டமாகச் சீவி, நடுவில் ஸ்க்ரூத் துளை போடுங்கள்.

இனி ஒயில். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். கொழும்பில் ஒருவேளை ஓடும். ஆனால் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், காலையில் போத்தலுக்குள் கட்டியாக நிற்கும் எண்ணெய் தோலுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். போதாக்குறைக்கு நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். உண்மையில் தோலுக்கு ஏற்றது மாட்டுக்குளம்பு எண்ணெய், சேணத்துக்குப் பூசுவது. கிடைக்காவிட்டால் 30ஆம் நம்பர் எஞ்சின் ஒயில் போதும். ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் துணியில் சுற்றி நன்றாக அழுத்திப் பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். பிழியாமல் போட்டால் அடுத்த அறிகுறிக்கு நேராகப் போய்ச் சேர்வீர்கள்.

சுடும்போது புகை, வெடிச் சத்தம்

ஒயில் கூடிவிட்டது. அழுந்திய காற்று சூடாகி ஒயிலைப் பற்றவைக்கிறது, டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுதான். "இப்பதான் பலம் வந்திருக்கு" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். தோலும் ஸ்பிரிங்கும் சேர்ந்து போகும் வழி அது. இரண்டு மூன்று சூட்டில் குறைந்தால் விடுங்கள். குறையாவிட்டால் கழற்றித் துடையுங்கள். மெல்லிய ஸ்ப்ரே ஒயில்களைச் சிலிண்டருக்குள் அடிக்கவே கூடாது.

மடக்கும் இடத்தில் காற்று அடிக்கிறது

குழல் மடங்கும் ரகங்களில் மட்டும். மடிப்பின் மேல் மெல்லிய டிசு கடதாசித் துண்டொன்றை வைத்து, குண்டு போட்டு, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். கடதாசி துள்ளினால் அங்குள்ள சிறு வாஷர் போய்விட்டது. அதே அடித்தோலில் வெட்டிக்கொள்ளலாம். குழல் மூடும்போது தோல் ஒரு மயிரளவு வெளியே நின்று அழுந்த வேண்டும். தண்ணீர்க் குழாய் ரப்பர் வாஷரைத் திணிப்பவர்கள் உண்டு. அது ஒயிலில் ஊதி மடிப்பையே மூட விடாது.

'டொங்' என்று அதிர்கிறது, அல்லது புது ஸ்பிரிங் போட்டபின் பூட்டவில்லை (இழுத்தால் பிடித்து நிற்கவில்லை)

வெறும் 'டொங்' என்றால் காய்ந்த ஸ்பிரிங்தான் பெரும்பாலும். கழற்றித் துடைத்து, கெட்டியான கிறீஸைச் சுருள்களில் மெல்லியதாகப் பூசினால் அடங்கும். அதோடு ஸ்பிரிங்கை மேசைக் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. உடைந்து இரண்டாகிக் கிடந்தும் துவக்கு சுடும், பலம் மட்டும் குறையும். கழற்றும்வரை யாருக்கும் தெரியாது.

மாற்று ஸ்பிரிங் தேடும்போது நீளத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். அளவுகள் நாலு வேண்டும்: வெளிவிட்டம், உள்விட்டம், கம்பியின் தடிப்பு, சுருள்களின் எண்ணிக்கை. பழசு தளர்ந்து குறுகியிருக்கும், ஆகவே அதன் நீளம் நம்பத்தக்கதல்ல. இந்த நாலும் மாறாது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாகன ஸ்பிரிங்குகளுக்குள் கிளறினால் விட்டம் பொருந்துவது கிடைக்கலாம். ஆனால் வாங்குமுன் ஒரு பெருக்கல் செய்யுங்கள். கம்பித் தடிப்பைச் சுருள் எண்ணிக்கையால் பெருக்கினால், ஸ்பிரிங் முழுதாக அழுந்தும்போது பிடிக்கும் இடம் வரும். 3.2 மில்லிமீட்டர் கம்பியில் 32 சுருள் என்றால் ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். பூட்டிய நிலையில் பிஸ்டனுக்குள் இருக்கும் இடம் 95தான் என்றால் அந்தத் துவக்கு பூட்டவே பூட்டாது. புது ஸ்பிரிங் போட்டபின் நெம்புகோல் கடைசி அங்குலத்தில் கல்லில் முட்டினதுபோல நிற்பது இதனால்தான். பலமாக இழுத்தால் நெம்புகோல் வளையும், அதுதான் உண்மையிலேயே கிடைக்காத சாமான். தேவையான சுருள்களை வெட்டி, வெட்டிய நுனியை மட்டும் சூடாக்கித் தட்டையாக்குங்கள். சூடு மற்றச் சுருள்களுக்கு ஏறக் கூடாது.

பலம் கூட்டுவதற்காகத் தடித்த ஸ்பிரிங் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஐம்பது வருசத்து இரும்பிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

இழுத்தால் பூட்டவில்லை, அல்லது தானாகச் சுடுகிறது

ஸ்பிரிங் அளவு சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியிலோ அதன் சிறு ஸ்பிரிங்கிலோ பழுது. முதலில் அழுக்கைக் கழுவுங்கள். பழைய ஒயில் மெழுகாகி கொக்கியை எழும்ப விடாமல் பிடித்திருப்பது சாதாரணம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே பலது சரியாகிவிடும். சிறு ஸ்பிரிங் உடைந்திருந்தால் பியானோக் கம்பியில் சுற்றிக்கொள்ளலாம்.

ஜெர்மன் டயானா 27இல் கொக்கிக்குப் பதில் மூன்று இரும்புக் குண்டுகள் பிஸ்டன் தண்டைச் சுற்றிப் பிடிக்கின்றன. அழகான ஏற்பாடு, விசையும் வெண்ணெய்தான். யாராவது கழற்றியபோது ஒன்று உருண்டு பலகை இடுக்கில் போயிருக்கும், இரண்டுடன் மூடி வைத்திருப்பார்கள். இருப்பதை மைக்ரோமீட்டரில் அளந்து அதே அளவில் பேரிங் குண்டுகள் வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் மூன்றையும் ஒரே பொதியிலிருந்து போடுங்கள். போடும்போது கிறீஸில் ஒட்டவைத்தால் விழாது.

கொக்கியின் முனை தேய்ந்திருந்தால் அரத்தை எடுக்காதீர்கள். மேல்தோல் மட்டும் கடினமாக்கிய இரும்பு அது. உரைத்தால் கடினப்பகுதி போய், ஒரு வாரம் பிடித்து அடுத்த வாரம் விடும். குழலை மடக்கி விரலால் குண்டு வைத்துக்கொண்டிருக்கும்போது விட்டால் விரல் போகும். ஆகவே இந்த ரகத் துவக்கில் குண்டு வைக்கும்போது எப்போதும் மறுகையால் குழலை இறுகப் பிடித்திருங்கள், நல்ல துவக்கிலும்தான். தேய்ந்த கொக்கிக்கு அசல் சாமான் தேடுவது ஒன்றே வழி. அதுவரை துவக்கு அலுமாரியில் இருக்கட்டும்.

குழாய்த் திருப்பி திரும்பவில்லை, அல்லது ஓரத்தால் காற்று போகிறது

பழைய பி.எஸ்.ஏ.யிலும் வெப்ளி மார்க் 3இலும் வருவது. திருப்பி கூம்பு வடிவம். இறுகியிருந்தால் குறட்டால் பிடித்துத் திருகி அதன் கைப்பிடியை முறிக்க வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் வையுங்கள், பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, சிறிய முனைப் பக்கமிருந்து மரக்குச்சியால் தட்டுங்கள்.

காற்று போனால், தேய்ந்ததென்று முடிவெடுக்குமுன் திறந்த நிலையில் துளைகள் நேராக நிற்கின்றனவா என்று பித்தளைக் கம்பியை விட்டுப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்றாலே பலம் குறையும். அது நிறுத்தும் தடையின் தேய்வு, திருப்பியின் தேய்வல்ல. மிக மெல்லிய அரைபசை போட்டுக் கொஞ்சம் உரசலாம், அதிகம் உரசினால் கூம்பு உள்ளே இறங்கித் துளை மறுபடியும் தள்ளும். புதுத் திருப்பி கடைவது நல்ல லேத்காரனுக்கும் தலைவலியான வேலை.

ஸ்க்ரூ காணோம்

நம் மலைநாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெல்ஃபாஸ்டின் சிரோக்கோ டிரையரும் மார்ஷல் ரோலரும் ஓடிய தொழிற்சாலைகளில் விட்வொர்த் (பழைய ஆங்கில அங்குல அளவு) திரி, அதாவது ஸ்க்ரூ மரை, பார்க்கும் அளவுகோலும் மரை வெட்டும் டாப்பும் இன்னும் எங்காவது ஒரு லாச்சியில் இருக்கும். பழைய ஆங்கிலத் துவக்கில் மெட்ரிக் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றினால் துளை அழியும், அதன்பிறகு அசல் கிடைத்தாலும் பிடிக்காது. முதலில் திரியை அளவுகோலால் பாருங்கள். சின்ன ஸ்க்ரூக்கள் பி.ஏ. (சின்ன ஸ்க்ரூக்களுக்கான பழைய பிரிட்டிஷ் அளவு) திரியாக இருந்தால், கழித்துப்போட்ட பழைய மின்மானிகளிலும் வானொலிகளிலும் அதே ஸ்க்ரூ இருக்கும்.

புதிதாகக் கடைந்த ஸ்க்ரூத் தலை வெள்ளையாகப் பளபளத்துத் தனித்துத் தெரியும். ஒயில் துளியும் இல்லாமல் கழுவிவிட்டு, கடும் சாயத்தேயிலையில் ஊறப்போடுங்கள். தேயிலையிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருக்கும். டஸ்ட் ரகம் நல்லது. அப்புறம் கழுவி, ஒயில் தடவினால் பழசோடு பழசாக நிற்கும்.

குறி ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

மரக்கட்டையைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மடங்கும் குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அச்சாணியை இறுக்க வேண்டும், அல்லது பக்கத்தில் மெல்லிய பித்தளைத் தகடு வைக்க வேண்டும். சரிபார்ப்பதை நனைத்த பத்திரிகைக் கட்டில் செய்யுங்கள், அணிலிலும் காகத்திலும் வேண்டாம்.

மீதி: உண்மையிலேயே கிடைக்காதவை

கொக்கி, நெம்புகோல், குழாய்த் திருப்பி, பின்புறக் குறிபார்க்கும் தகடு. இவற்றுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே ரகத்தில் குழல் போன துவக்கைச் சட்டப்படி வாங்கி உதிரியாக வைத்துக்கொள்வது. அதற்கும் கடதாசி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மற்றது பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பழைய சாமான் விற்பவர்கள். அனுப்பச் சொல்லுமுன் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் வாஷரைப்போல விசைக் கொக்கி தபாலில் இலேசாக வந்துவிடாது.

ஓடர் கொடுக்கும்போது மாடல் பெயரோடு வரிசை எண்ணை அதன் முன்னெழுத்தும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். ஒரே பெயரில் இடையில் மாற்றம் செய்திருப்பார்கள், அந்த எழுத்தை வைத்துத்தான் விற்பவர் பிரித்துப் பார்ப்பார். உடைந்த சாமானை மில்லிமீட்டர் கோல் ஒன்றோடு சேர்த்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுத்து அனுப்புங்கள். புதுசு வந்தாலும் உடைந்ததை எறியாமல் ஒயில் தடவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வந்தது பொருந்தாவிட்டால் லேத்காரனுக்கு அளவெடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.